வெண்பா: அடுப்படியில் நடக்கும் ஒரு வீடியோ கேமின் நிறையும் குறையும்

'வெண்பா' 2023 ஜூலை 31 அன்று வெளியான வீடியோ கேம். கனடாவின் டொரண்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு அதை உருவாக்கியது. வடிவமைப்புக்குத் தலைமை ஏற்றவர் அபி என்ற தமிழ் இளைஞர். 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்து வளரும் மகன் கவின் ஆகிய மூவரின் வாழ்க்கைதான் கதை. இதில் போர் இல்லை, பூதம் இல்லை, தேடி அடையப் புதையலும் இல்லை. ஆடுகிறவர் வெண்பாவாக நின்று சமைக்கிறார், கணவனோடும் பிள்ளையோடும் பேசுகிறார். வாழ்க்கை நகர்கிறது.

சின்னஞ்சிறு விளையாட்டுதான். ஆனால் 2024ஆம் ஆண்டில் அது பெற்ற பரிசுகளுக்குத் தமிழ் உலகில் முன்னுதாரணம் கிடையாது. தனியார் முயற்சியில் உருவாகும் சிறு விளையாட்டுகளுக்காக அமெரிக்காவில் நடக்கும் ஐஜிஎஃப் விழாவில் சீமஸ் மெக்நாலி முதற்பரிசை வென்றது. பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை வழங்கியது. அதற்கு முந்தைய டிசம்பரில் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவின் பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெற்றிருந்தது. தமிழ்க் குடும்பம் ஒன்றின் அடுப்படியை மையமாகக் கொண்ட படைப்பு இந்த மேடைகளில் ஏறியது அதுவே முதல் முறை. அதன் பெருமையைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது எளிது. அந்தப் படைப்புக்குச் செய்யும் உண்மையான மரியாதை, அதைத் தராசில் வைத்துப் பார்ப்பதுதான்.

எந்த வகை விளையாட்டு?

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு, சுருக்கமாக ஆர்பிஜி, 1974இல் அமெரிக்காவில் வெளியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டிலிருந்து கிளைத்தது. ஆடுகிறவர் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ தன்னைக் கற்பனை செய்துகொண்டு, அந்தப் பாத்திரத்தின் சார்பில் முடிவெடுப்பார். 1986இல் ஜப்பானில் வந்த 'டிராகன் குவெஸ்ட்' அந்த வடிவத்தை வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கொண்டுவந்தது. சண்டையிட்டால் அனுபவப் புள்ளி, புள்ளி சேர்ந்தால் அடுத்த நிலை, நிலை உயர்ந்தால் கூடுதல் வலிமை. இந்த ஏணிதான் அவ்வகை விளையாட்டுகளின் முதுகெலும்பு.

இந்தக் கண்டிப்பான இலக்கணத்தில் வெண்பா அடங்காது. அதில் புள்ளியும் இல்லை, நிலையும் இல்லை. அதைக் கதை விளையாட்டு என்றும் சமையல் புதிர் என்றும் வகைப்படுத்துவார்கள். ஆனால் பாத்திரமேற்றல் என்பதன் வேர்ப்பொருள் இன்னொருவராக நின்று பார்ப்பது என்றால், வீரதீர விளையாட்டுகள் பலவற்றைவிட வெண்பா அதற்கு நெருக்கமானது. செட்டிநாட்டு வீடுகளில் பெண் பிள்ளைகளுக்கு மரச் சொப்பும் பித்தளைச் சொப்பும் வாங்கித் தருவது வழக்கம். குழந்தை சொப்பை அடுக்கி மண்ணைச் சோறாக்கும்போது அம்மாவாகவே மாறிவிடுகிறது. வெண்பா அந்தச் சொப்பு விளையாட்டின் வாரிசு.

கைப்பக்குவம் புதிராகும் விதம்

இந்த விளையாட்டின் முதன்மையான பலம் அதன் புதிர்களில் இருக்கிறது. வெண்பாவிடம் அவள் அம்மா எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பேடு ஒன்று உண்டு. பல பக்கங்கள் கிழிந்திருக்கின்றன, சில வரிகள் கறைபட்டு அழிந்திருக்கின்றன. எழுத்தில் எஞ்சியதை வைத்து எழுதப்படாததைக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் வருவது இட்லி. மாவு தயார், தட்டுகள் தயார். தட்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதைக் குறிப்பேடு முழுதாகச் சொல்லவில்லை. ஒரு தட்டின் குழிகள் கீழ்த்தட்டின் குழிகளுக்கு நேர் மேலே அமர்ந்தால் கீழே வேகும் இட்லி உப்ப இடமிருக்காது, ஆவியும் ஏறாது. தட்டைச் சற்றுத் திருப்பி, குழிக்கு மேல் துளை வரும்படி அடுக்கினால் இட்லி பூப்போல வரும். இட்லி அவிக்கும் எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். ஆனால் அவர்களில் யாரும் இதை ஒரு விதியாக வாய்விட்டுச் சொல்வதில்லை. கை செய்துகொண்டே போகும்.

அடுத்து புட்டு. குழலின் அடியில் சில்லு உட்கார வேண்டும், மாவும் தேங்காய்த் துருவலும் அடுக்கடுக்காக இறங்க வேண்டும், ஆவி கீழிருந்து வர வேண்டும். வரிசை தவறினால் புட்டு வராது. தவறியதற்குத் தண்டனையும் கிடையாது. மறுபடி செய்து பார்க்கலாம், கேட்டால் துப்பும் கிடைக்கும். ஆடுகிறவர் தோற்பதில்லை, தாமதிக்கிறார், அவ்வளவுதான். சமையலறையின் இயல்பும் அதுவே என்பதால் இந்த மென்மை பொருத்தமாக இருக்கிறது.

இதற்கு முன்பும் சமையல் விளையாட்டுகள் ஏராளம். 2006இல் வந்த ஜப்பானின் 'குக்கிங் மாமா' உலகெங்கும் விற்றது. அவற்றில் பெரும்பாலானவை வேகத்தை அளப்பவை. கடிகாரம் ஓடும், வெங்காயத்தை விரைந்து நறுக்க வேண்டும், வாடிக்கையாளர் பொறுமை இழப்பதற்குள் தட்டு போய்ச் சேர வேண்டும். வெண்பாவில் கடிகாரம் இல்லை. அது அளப்பது புரிதலை. பொருள் ஏன் அந்த இடத்தில் அந்த நேரத்தில் சேர்கிறது என்று யோசிக்க வைக்கிறது. சமையலை வேலையாகக் காட்டாமல் அறிவாகக் காட்டியதில்தான் அந்தப் பரிசுகளின் நியாயம் இருக்கிறது.

ஒலியும் இதற்குத் துணை நிற்கிறது. சமைக்கும்போதெல்லாம் பாட்டு ஒலிக்கிறது. கதை நிகழும் பத்தாண்டு மாற மாற, அந்தந்தக் காலத் தமிழ்த் திரையிசையின் சாயலில் புதிதாக அமைத்த பாடல்கள். எண்ணெய் காயும் ஓசை, கடுகு வெடிக்கும் ஓசை, குக்கர் விசில் எல்லாம் கவனமாகச் செய்யப்பட்டிருக்கின்றன. அழுத்தமான நிறங்களில் தட்டையாக வரைந்த ஓவியங்கள், சொல்ல வேண்டியதை முகக்குறிப்பிலேயே சொல்லிவிடுகின்றன.

மொழி தேயும் காட்சி

இரண்டாவது பலம் மொழியைக் கையாளும் விதம். வெண்பாவும் பாவலனும் தமிழில் பேசிக்கொள்ளும்போது உரையாடல் தடையின்றி ஓடுகிறது. மகன் வளர வளர வீட்டில் ஆங்கிலம் ஏறுகிறது. அம்மா தமிழில் கேட்க, பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். வெளிநாட்டுத் தமிழ் வீடுகளில் தினமும் நடக்கும் காட்சி இது. இன்று சென்னையிலும் மதுரையிலும்கூட நடக்கிறது.

கதையின் பிற்பகுதியில் ஆடுகிறவரின் கை வெண்பாவிடமிருந்து கவினுக்கு மாறுகிறது. விளையாட்டின் மிகத் துணிச்சலான முடிவு இதுதான். அதுவரை அம்மாவாக நின்று மகனின் அலட்சியத்தால் நொந்தவர், இப்போது அந்த மகனாகவே நிற்க வேண்டியிருக்கிறது. அதே குறிப்பேடு. ஆனால் கவினுக்குத் தமிழ் எழுத்து சரளமாக வராது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறான், சில சொற்கள் பிடிபடவில்லை. அம்மாவின் கையில் கறையும் கிழிசலும் தடையாக இருந்தன, மகனின் கையில் மொழியே தடையாக இருக்கிறது. ஒரே ஏடு இருவருக்கும் இரண்டு வகைப் புதிராகிறது. பாத்திரம் மாறும்போது ஆட்டத்தின் சிக்கலும் அப்பாத்திரத்தின் வாழ்க்கையிலிருந்தே பிறக்க வேண்டும் என்பது இவ்வகைக் கலையின் உயர்ந்த இலக்கு. பெரும் பொருட்செலவில் வரும் ஆர்பிஜிக்கள்கூட அடிக்கடி தவறவிடும் அந்த இலக்கை வெண்பா இந்த இடத்தில் எட்டுகிறது.

செட்டிநாட்டிலிருந்து பார்த்தால்

கடல் கடந்து பிழைக்கப் போன வரலாறு செட்டிநாட்டுக்கு நன்கு பழக்கமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் எனப் போய் வட்டிக்கடை நடத்தினார்கள். முகவராகப் போகிறவர் மூன்றாண்டுக் கணக்கில் போய்த் திரும்புவார். மனைவி பெரும்பாலும் ஊரிலேயே இருப்பார். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வீடுகளின் முகப்பையும் வளவையும் கட்டியது அங்கே ஈட்டிய பணம். தூண்களில் பர்மாத் தேக்கு நின்றது. அடுப்படிக்கும் பர்மாவிலிருந்து ஒன்று வந்து சேர்ந்தது: கவுனி அரிசி. விசேஷ நாளில் இனிப்பாகப் பரிமாறப்படும் அந்தக் கறுப்பரிசி இன்று செட்டிநாட்டின் சொந்த அடையாளமாகிவிட்டது.

அந்தப் பயணத்துக்கும் வெண்பாவின் பயணத்துக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. அன்று ஆண்கள் போனார்கள், அடுப்படி ஊரில் இருந்தது. இரண்டாங்கட்டு கடந்து உள்ளே போனால் ஆச்சிமார்கள் நாலைந்து பேர் சேர்ந்து பலகாரம் சுடும் கூட்டம் இருக்கும். பேத்தி அருகில் நின்று பார்த்தே கற்றுக்கொள்வாள். எழுதி வைக்க வேண்டிய தேவையே எழவில்லை. வெண்பாவின் கதையில் அடுப்படியே விமானம் ஏறுகிறது. பக்கத்தில் நின்று சொல்லித்தர அப்பத்தாவும் இல்லை, ஆயாவும் இல்லை, அண்டை வீட்டுக்காரியும் இல்லை. மிச்சம் ஒரு குறிப்பேடு மட்டும். அதனால்தான் அந்த ஏட்டின் ஒவ்வொரு கிழிசலும் கதையில் அத்தனை வலிக்கிறது. செட்டிநாட்டு வாசகருக்கு இது அந்நியக் கதையாகத் தோன்றாது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது வாழ்ந்துகொண்டிருக்கும் கதை இது.

எங்கே குறைகிறது?

முதற்குறை நீளம். விளையாட்டு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. நீளமாக இருப்பது தன்னளவில் சிறப்பாகாது. 2018இல் வந்த 'ஃப்ளோரன்ஸ்' அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் ஒரு காதலின் பிறப்பையும் முடிவையும் நிறைவாகச் சொன்னது. ஆனால் ஃப்ளோரன்ஸ் எடுத்துக்கொண்டது சில காலத்து உறவு. வெண்பா எடுத்துக்கொண்டது பல பத்தாண்டுகள். குடிபெயர்வு, வேலை தேடல், பிள்ளை வளர்ப்பு, மகன் விலகல், கணவனின் மரணம், வெண்பா இந்தியா திரும்புதல், மகன் அவளைத் தேடி வருதல் எனப் பெரிய பெரிய திருப்பங்கள். ஒவ்வொன்றும் ஒரு காட்சியில் வந்து, மனம் அதில் ஊன்றுவதற்குள் ஆண்டுகள் உருண்டுவிடுகின்றன. பாவலனின் மரணம் போன்ற பேரிழப்புக்குக்கூடக் கதை போதிய நேரம் ஒதுக்கவில்லை.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. உரையாடலில் ஆடுகிறவருக்குச் சில பதில்கள் தரப்படுகின்றன. மகனைக் கண்டிக்கலாம், விட்டுக்கொடுக்கலாம், ஊருக்குத் திரும்பலாம் என்று கணவனிடம் சொல்லலாம். எதைத் தேர்ந்தாலும் கதை ஒரே தடத்தில்தான் போகிறது. சொந்த அனுபவத்திலிருந்து பிறந்த கதைக்கு ஒரே முடிவு இருப்பதில் தவறில்லை. ஆனால் கேட்டுவிட்டுக் கணக்கில் எடுக்காத கேள்வி, கேட்காமல் விட்டதைவிடக் கூடுதலாக ஏமாற்றுகிறது. அம்மா அன்று கடிந்து பேசியது பத்தாண்டுகள் கழித்து மகனின் ஒரு சொல்லிலாவது எதிரொலித்திருந்தால், ஆடுகிறவர் வெண்பாவின் பொறுப்பையும் சுமந்திருப்பார். இப்போது அவர் அவளுடைய துயரத்தை மட்டுமே சுமக்கிறார்.

புதிர்கள் எளிமையானவை என்பதும் பலர் சொல்லும் குறை. இது ஆடுகிறவரைப் பொறுத்தது. புட்டுக்குழலைக் கண்ணால் பார்த்திராத வெளிநாட்டவருக்கு அது உண்மையான புதிர். காரைக்குடியில் ஓர் ஆச்சியிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் அடுக்கிவிடுவார். தமிழருக்காகச் செய்த விளையாட்டில் தமிழருக்குச் சவால் குறைந்துபோனது ஒரு முரண்தான். நடுவில் வரும் விருந்துச் சமையலில் பல உணவுகள் ஒரே மூச்சில் தயாராகின்றன. அங்கே யோசிக்கும் வேலை குறைந்து, சொன்ன இடத்தில் பொருளை இழுத்துப் போடும் வேலையே மிஞ்சுகிறது. காட்சியாக அது அழகு. ஆட்டமாக இளைத்திருக்கிறது.

இன்னொரு குறையைத் தமிழ் வாசகரால்தான் எளிதில் காண முடியும். ஏட்டில் உள்ள உணவுகள் தமிழரின் பொதுச் சமையலாக இருக்கின்றன. இட்லியும் பிரியாணியும் உலகுக்கு அறிமுகப்படுத்த ஏற்றவை. ஆனால் ஒரு தாய் மகளுக்கு எழுதித்தரும் ஏட்டில் ஊரின் முத்திரை அழுத்தமாக விழும். நாஞ்சில் நாட்டு ஏடும் கொங்கு ஏடும் செட்டிநாட்டு ஏடும் ஒன்றுபோல இருக்காது. அந்த முத்திரை மங்கலாக இருப்பதால் வெண்பாவின் இளமைக்காலமும் மங்கலாகிறது. அவள் எதை விட்டுவந்தாள் என்பது ஆடுகிறவருக்குப் போதிய அளவு தெரிவதில்லை.

செட்டிநாட்டுச் சமையலை எடுத்துக்கொண்டால் இந்தப் புதிர் முறை எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பது விளங்கும். வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு சொல்லும் முறை ஒன்று உண்டு: பச்சரிசியை ஆழாக்கில் தலை தட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். குவியலில் நிற்கும் அளவுதான் உளுந்து. எழுத்தில் இதை எத்தனை கிராம் என்று எழுதினாலும் பிசகும், கண் பார்த்தால் உடனே பிடிபடும். வெண்டைக்காய் மண்டிக்குக் குழம்பின் அடிப்படையே அரிசி கழுவிய தண்ணீர். கொட்டிவிடுவதற்கு முன் அதை எடுத்து வைக்க வேண்டும் என்று தெரிந்தவர்தான் மண்டி வைக்க முடியும். இவை ஒவ்வொன்றும் ஆயத்த நிலையில் உள்ள ஆட்டப் புதிர்கள். காரைக்குடி பங்களா விடுதியின் மீனாட்சி மெய்யப்பனும் சுமீத் நாயரும் இணைந்து ஆங்கிலத்தில் கொண்டுவந்த 'தி பங்களா டேபிள்' போன்ற நூல்களும் இந்தச் சமையலை விரிவாகப் பதிந்திருக்கின்றன. ஆகவே சரக்கில் பஞ்சமில்லை.

உடன்பிறப்பு ஒன்று

வெண்பாவின் குறைகளை நேர் எதிர்த் திசையிலிருந்து நிரப்பிய ஒரு விளையாட்டு அதே ஆண்டு நவம்பர் 2 அன்று வந்தது. அமெரிக்காவின் அவுட்டர்லூப் கேம்ஸ் உருவாக்கிய 'தர்ஸ்டி சூட்டர்ஸ்' முறைப்படியான ஆர்பிஜி. ஜாலா என்ற தெற்காசியக் குடும்பத்துப் பெண் அக்காள் தங்கை உறவும் பழைய காதலும் முறிந்துபோன நிலையில் சொந்த ஊர் திரும்புகிறாள். முன்னாள் காதலர்கள் ஒவ்வொருவரோடும் 'சண்டை'. ஆயுதம் வாய்ச்சொல்தான். சீண்டுகிறாள், சமாதானம் பேசுகிறாள், நெருக்கடி முற்றினால் அம்மாவையே துணைக்கு அழைக்கிறாள். குடும்பமே அஞ்சும் பாட்டி ஒருத்தியும் உண்டு. சமையலும் உண்டு, அம்மாவை மகிழ்விக்கச் செய்யும் சமையல்.

அதில் ஆடுகிறவருக்கு வேலை நிறைய. நிலை உயர்கிறது, திறன் கூடுகிறது, பேச்சுக்கு விளைவும் உண்டு. ஆனால் சறுக்குப்பலகை ஓட்டுவது, சண்டை, சமையல் என மூன்று ஆட்டங்களை ஒன்றாகக் கட்டியதில் எதுவும் முழு ஆழம் பெறவில்லை. பலகை ஓட்டம் விறைப்பாக இருக்கிறது, சண்டைகள் பிற்பகுதியில் ஒரே மாதிரி நீள்கின்றன. வெண்பா ஒரே காரியத்தைச் செய்தது, அதைச் சுத்தமாகச் செய்தது. இரண்டையும் அடுத்தடுத்து ஆடிப் பார்த்தால் வெண்பாவின் அடக்கத்தின் மதிப்பு கூடுகிறது, அதன் சிக்கனத்தின் விலையும் தெரிகிறது.

வெண்பாவுக்கு முன்பே, புணேயின் நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020இல் வெளியிட்ட 'ராஜி' இந்தியக் கோட்டைகளையும் புராணத்தையும் களமாக்கியது. புராணமும் அரண்மனையும் விளையாட்டாவதை எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். இட்லிப் பானை விளையாட்டாகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இந்தியக் கதை சொல்லும் விளையாட்டுகளின் பரப்பை வெண்பா அந்த வகையில் ஒரே எட்டில் அகலப்படுத்திவிட்டது.

தீர்ப்பு

வெண்பா விண்டோஸ் கணினியிலும் நிண்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் கருவிகளிலும் கிடைக்கிறது. முன்பின் வீடியோ கேம் ஆடியிராதவர்களும் சுட்டியால் பொருளை இழுத்து வைக்கத் தெரிந்தால் ஆடலாம். ஆட்டமாகப் பார்த்தால் மெலிந்தது, கதையாகப் பார்த்தால் அவசரமானது, பாத்திரமேற்றலாகப் பார்த்தால் தமிழில் இதுவரை எட்டப்படாத நுட்பம் கொண்டது. கைப்பக்குவத்தையே ஆட்டமாக்கிய அந்த ஒரு கண்டுபிடிப்புக்காக மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். வாங்குகிறவர்கள் தனியே அமர்ந்து ஆடாமல், வீட்டில் இட்லி ஊற்றத் தெரிந்த மூத்தவர் ஒருவரையும் தமிழ் படிக்கத் தடுமாறும் பிள்ளை ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடுவது நல்லது. ஒரு மாலைப்பொழுது போதும்.